மஞ்சள் துணியும் பாதி பானெட்டும்

அத்தியாயம் 11

சுடலைராஜ் வீட்டில் அன்றைக்குக் காலைக் காப்பியை யாரும் தொடவில்லை. டம்ளர்களில் ஆடை படிந்து, அதன் விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த மனிதர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

விஷயம் போன வாரமே உங்கள் காதுக்கு வந்திருக்கும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 'சுடலைராஜ் ஆட்டோ ஸ்டோர்ஸ்' தெரியாத டிரைவர் கிடையாது. அந்தக் கடையின் மருமகள் சிவந்தி. கொருக்குப்பேட்டை அரிசிக் கடைக்காரர் மகள். கல்யாணமாகி வந்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவள், கார் ஷாம்பு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பதைக் கவனித்தாள். "இத்த எப்டிமா போடறது?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தபோது, செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். அதுதான் 'கழுவத் தெரியுமா' சேனல். புதிதாகக் கார் வாங்கியவர்கள், காரைக் கழுவவே பயப்படுகிறவர்கள், வாசலில் இரண்டு வாளித் தண்ணீருக்கு மேல் கிடைக்காதவர்கள், இவர்களுக்காகவே நடக்கிற சேனல்.

படத்தில் கழுவிக் காட்டுகிற கை எம்.கே.பி. நகர் ரமாபாயுடையது. பெரிய ஷோரூம் ஒன்றில் வண்டிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்து, வெளியே வந்து தனியாகத் தொழில் செய்கிறவள். கேள்வி சிவந்தியுடையது. இரண்டும் சேர்ந்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த வண்டியைக் கழுவுவது எப்படி என்று ஒரு படம் போடும் வரைக்கும்.

அந்தப் படத்தில் ரமாபாய் பக்கத்தில் கிடந்த ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காட்டுகிறாள். "காலையில எந்திரிச்சதும் காஞ்ச வண்டிய இத்த வெச்சு தொடக்கிறீங்கோ பாரு, அது தொடக்கிறது இல்ல, உப்புத்தாள் போட்டு தேய்க்கிறது. மேல கீற சாம்பல் அத்தினியும் பெயின்ட்ட கீறும். மொதல்ல இத்த தூக்கி அப்பால கடாசு."

கடாசும்போது துணி விரிகிறது. மூலையில் சிவப்பு எழுத்தில் 'சுடலைராஜ் ஆட்டோ ஸ்டோர்ஸ், திருவொற்றியூர்' என்று பளிச்சென்று தெரிகிறது.

சிவந்திக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் சூடான பால் சட்டியை இறக்குவது அந்தத் துணியால்தான். மேஜை துடைப்பது, மாவு டப்பாவை மூடுவது, டிவிக்கு உறை போடுவது எல்லாமே அதுதான். கண்ணுக்கு முன்னால் எப்போதும் கிடக்கிற பொருளில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்? படம் எடுத்தாள், வெட்டி ஒட்டினாள், போட்டாள். அவள் படிக்காததை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள டிரைவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி கடத் துணிய அண்ணாச்சி மருமவளே கடாச சொல்லிக்கீது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, காலையில் அது அண்ணாச்சியிடமே வந்து சேர்ந்தது.

சுடலைராஜ் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் சிவந்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை மேஜையில் வைத்தார். "பொழுது சாயறதுக்குள்ள அந்தப் படத்த சேனல்ல இருந்து எடுத்துரு" என்று மட்டும் சொன்னார். எழுந்து போனார்.

மகன் வெற்றி தன் மனைவி சிவந்தியைப் பார்த்தான், அப்பா போன வழியைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான். "கடை தெறக்க நேரமாச்சு" என்றான். இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆண்களுக்குக் கடை திறக்கும் நேரம் எப்போதும் சரியாக வந்துவிடும்.

மாமியார் ஆவுடையம்மாள் ஆறிய காப்பியை ஒவ்வொன்றாக எடுத்து ஊற்றினாள். "உங்க மாமாவுக்கு அது வெறும் துணி இல்ல, தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"ஆயுத பூசைக்கு, சாமான் வாங்கினவன் வாங்காதவன் எல்லாத்துக்கும் ஒரு துணி. கடை தொடங்கின வருசத்துல இருந்து குடுக்காவ. டாக்ஸி டாஷ்போர்டுல எல்லாம் நம்ம பேரு கெடக்கும். அத நெய்யுதது யாரு? சங்கரன்கோயில்ல என் தம்பி. அதுவும் ஞாபகம் வச்சுக்கோ."

மாமனார் கோபம் ஒரு பக்கம், மாமியாரின் பிறந்த வீடு மறுபக்கம். நடுவில் மாட்டிக்கொண்டவள் சிவந்தி.

ரமாபாய்க்குப் போன் போட்டாள். ரமாபாய் முழுவதையும் கேட்டாள்.

"எட்த்துடப் போறியா?"

"வேற வழி என்ன இருக்கு ரமா? அந்தத் துண்டு மட்டும் வெட்டிட்டு மறுபடி போடலாம்."

"அந்தத் துண்டுதான் படமே. ஷோரூம்ல இத்தத்தான் சொன்னாங்கோ, வாய மூடிக்கினு தேய்னு. அது புடிக்காமத்தான் வெளிய வந்தேன். உன் மேல கோவம் இல்ல சிவந்தி. ஆனா நீ எட்த்தீன்னா எனக்கு இனிமே கேமரா முன்னால கை வராது."

போனை வைத்த பிறகு சிவந்தி சேனலைத் திறந்தாள். அந்தப் படத்துக்குக் கீழே ராயபுரத்திலிருந்து மரியம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாளாம். வீட்டில் எல்லாரும் கேலி செய்கிறார்களாம். இந்தப் படத்தைப் பார்த்து முதல்முறையாகத் தானே கழுவினாளாம். கூடவே ஈரம் சொட்டும் ஒரு சிவப்புக் காரின் படம். அதைப் பார்த்த மாத்திரத்தில் சிவந்திக்குத் தெரிந்துவிட்டது, தன்னால் அதை நீக்க முடியாது. எடுத்துவிட்டு இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவாள்?

போனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

கடைக்குப் பின்னால் குடோன் முற்றத்தில் சுடலைராஜ் தன் கறுப்புக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் பூஜை முடித்து, விபூதி காய்வதற்கு முன்னால் செய்கிற வேலை. கையில் அதே மஞ்சள் துணி. ராத்திரி படிந்த சாம்பல் மேல் வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார். துணி ஓடும் ஓசை சிவந்தியின் பல்லைக் கூசச் செய்தது.

"மாமா, படத்த எடுக்க மாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தான்தான் என்று அவளுக்கே உறைத்தது.

சுடலைராஜின் கை நின்றது. "என்ன சொல்லுத?"

"அதுல பொய் எதுவும் இல்ல மாமா. கடைப் பேரு தெரிஞ்சது என் தப்பு. கவனிக்கல. அதுக்கு உங்க கால்ல வேணா விழுதேன். ஆனா சொன்னது சரிதான்."

"இந்த வண்டிய எடுத்ததுல இருந்து இந்தத் துணியாலதான் தொடைக்கேன். எங்க கோடு? காட்டு."

சிவந்தி போன் விளக்கைப் போட்டு, காரின் முன்மூடியான பானெட் மேல் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள் எழுந்து வந்தன. சுடலைராஜ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"வெளிச்சத்த அடிச்சா எந்த வண்டியிலயும்தான் இப்பிடித் தெரியும். ரோட்டுல போற கல்லு மண்ணு படாம இருக்கா?"

அவர் துணியை உதறி மடித்தார். வியாபாரி இல்லையா, கோபத்திலும் அவருக்குக் கணக்கு ஓடும்.

"என் சரக்க ஒருத்தன் குறை சொன்னா, அவன் கண்ணு முன்னாலயே பிரிச்சுக் காட்டுததுதான் என் பழக்கம். உனக்கும் அதேதான். இந்த பானெட்டுல பாதிய அந்தப் பிள்ள கழுவட்டும். பாதிய நான் தொடைக்கேன். நீ படம் பிடி. கோடு விழலன்னா ரெண்டு படத்தையும் எடுத்துரணும். சேனலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கல்லாவுல உக்காரு."

"கோடு விழுந்தா?"

"விழாது" என்றார் சுடலைராஜ்.

ரமாபாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது முன்னால் பாலிஷ் மெஷின் பெட்டி, பின்னால் ஸ்பாஞ்சும் துணிகளும் நிறைந்த பை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"அண்ணாச்சி, இப்டியே போட்டி வெச்சா எது பழைய கோடு, எது புதுக்கோடுன்னு யாருக்கும் தெரியாது. மொதல்ல மொத்த பானெட்டையும் கழுவி, பாலிஷ் போட்டு ஒரே மாதிரி ஆக்கிடறேன். அப்பால ரோட்டோரமா நிப்பாட்டுவோம். சாயங்காலத்துக்குள்ள தூசி தானா வந்து ஒக்காந்துக்கும். அதுக்கு அப்பால நீங்க உங்க பக்கம் தொடைங்கோ, நான் என் பக்கம் கழுவறேன்."

"ஏமாத்து வேலை எதுவும் இல்லைல?"

"பக்கத்துலயே சேர் போட்டு ஒக்காருங்கோ."

உட்கார்ந்தார். கையில் பேப்பர் இருந்தது. முதல் பக்கத்துக்கு மேல் அது திரும்பவில்லை.

வண்டி கழுவி, உலர்ந்து, ரமாபாய் பானெட்டின் ஓரங்களில் நீல டேப் ஒட்ட ஆரம்பித்தபோது பேப்பர் இறங்கியது. "அங்க எதுக்கு டேப்பு?"

"ஓரத்துல பெயின்ட் மெல்லிசா இருக்கும் அண்ணாச்சி. மெஷின் பட்டா உரிஞ்சிடும்."

"சரி, மெஷின ஏன் ஒரே எடத்துல நிக்க விட மாட்டேங்குத?"

"சூடேறிடும். தோசக்கல்லு மாதிரி."

"கை போட்டுத் தேச்சா ஆகாதா? மெஷின் இல்லாதவன் என்ன செய்வான்?"

"ஆகும். நாழி ஆகும், தோள் வலிக்கும். ஆனா ஆகும்."

சிவந்தி போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று தடுக்கியது. இத்தனை நாளாகப் படத்தில் கேள்வி கேட்டது அவள்தான். எழுதி வைத்துக்கொண்டு கேட்டாள், அதனால் அது எழுதி வைத்ததாகவே கேட்டது. இந்த மனிதர் கேட்பது அப்படியில்லை. நிஜமாகத் தெரியாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, ஆனால் தெரிந்துகொள்வதாகக் காட்டிக்கொள்ளாமல் கேட்கிறார். மரியம் கேட்க நினைக்கிற கேள்வியெல்லாம் இவர் வாயிலிருந்து வருகிறது. மாமனாருக்குத் தெரியாமல் போனை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.

மெஷின் நின்றது. ரமாபாய் மெல்லிய துணியால் மிச்சப் பாலிஷை எடுத்துவிட்டு விலகி நின்றாள்.

சுடலைராஜ் எழுந்து வந்தார். பானெட்டுக்குள் குடோன் தகரக் கூரை தெரிந்தது, கூரை இடுக்கில் வானம் தெரிந்தது, அவர் நெற்றியின் விபூதிப் பட்டை மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. வெகு நேரம் நின்றார்.

"இவ்வளவு கறுப்பும் இதுக்குள்ளயா இருந்துச்சு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. ரமாபாய் வாயைத் திறக்கப் போனாள். சிவந்தி கண்ணால் வேண்டாம் என்றாள்.

வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நகர்ந்தன. அவை கிளப்பிய புழுதியும், எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றோடு வருகிற சாம்பலும் பானெட் மேல் மெல்ல இறங்கின. திருவொற்றியூரில் எந்த வண்டியும் அழுக்காவதற்குச் சிரமப்பட வேண்டியதில்லை.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள் சிவந்தி. ஒன்றும் இறங்கவில்லை. தோற்றால் சேனல் போகும். ஜெயித்தால் மாமாவின் முகம் போகும், அதுவும் ஊர் பார்க்க. தாலி கட்டி வந்த நாளிலிருந்து தன்னை வேற்று ஆளாக நடத்தாத மனிதர். கல்லாச் சாவியைக் கேட்காமலே கையில் கொடுத்தவர். அவரைத் தோற்கடிக்கத் தன் கையாலேயே படம் பிடிக்க வேண்டுமா? நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் படத்தை நீக்குகிறேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆவுடையம்மாள் ரசம் ஊற்றினாள். "உங்க மாமா வாசலுக்கும் கடைக்குமா நடக்காவ, பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"போட்டிய நெனச்சு நடக்கல. அந்த பானெட்டுல தூசி விழுதத பாக்கப் பொறுக்கல அவியளுக்கு. ஒரு தடவ கைய வச்சு ஊதக்கூடப் பாத்தாவ. நான் சன்னல் வழியா பாத்துட்டுதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது ஆறுதலா, எச்சரிக்கையா என்று சிவந்திக்குப் பிடிபடவில்லை.

வெயில் தணிந்தபோது கடை வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. டீக்கடைப் பக்கம் நின்ற டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் டில்லிபாபு. அண்ணாச்சி கடையின் ஆதி காலத்து வாடிக்கை, வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை முதலில் அனுப்பிய புண்ணியவானும் அவர்தான்.

ரமாபாய் பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டினாள். தண்ணீருக்காகச் சுற்றிப் பார்த்தாள். கடையின் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அந்த நேரத்தில் வெற்றி இரண்டு கைகளிலும் உப்பில்லாத மெட்ரோ குழாய்த் தண்ணீர் வாளியோடு வந்து அவள் காலடியில் வைத்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டு சிவந்திக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காலையிலிருந்து அவன் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

"பாத்துக்கோங்கோ" என்றாள் ரமாபாய் போனைப் பார்த்து. "ஒரு வாளியில ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. மொதல்ல தண்ணி ஊத்தி தூசிய எறக்கிடு. கை வெக்காத. அப்பால நுரை. அது ஊறட்டும். கடைசிலதான் கை. நேரா இழு, வட்டம் போடாத. ஒரு இழுப்பு இழுத்தா, வெறும் தண்ணியில அலசிட்டு மறுபடி ஷாம்பு. தொடைக்கும்போது தேய்க்காத, துணிய மேல போட்டு ஒத்தி எடு. அவ்ளோதான். இதுக்கு ஒண்ணும் பெரிய படிப்பு வாணாம்."

அவள் பாதி மறுபடி கண்ணாடியாக ஆயிற்று. விளக்கைப் பிடித்துக் காட்டினாள். ஒரு கோடில்லை.

"இப்ப நீங்கோ, அண்ணாச்சி."

சுடலைராஜ் கடைக்குள் போய்ப் புதுத் துணி ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தார். உதறினார். வண்டிக்கு முன்னால் நின்றார். சாம்பல் படர்ந்த பாதியின் மேல் துணியைக் கொண்டு போனார்.

கை அந்தரத்தில் நின்றது.

கூட்டம் காத்திருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. துணி இறங்கவில்லை.

"இன்னா அண்ணாச்சி, யோசிக்கிற? தொடை" என்றார் டில்லிபாபு.

சுடலைராஜின் விரல்கள் துணியை இறுக்கிப் பிடித்திருந்தன, முழங்கை மட்டும் கீழே வளைய மறுத்தது. தினம் தினம் யோசிக்காமல் செய்த வேலை. இன்றைக்கு அந்தக் கறுப்பை ஒரு தடவை பார்த்த பிறகு, அந்தக் கைக்குத் துணிவு வரவில்லை. போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்தது, சிவந்திக்கும் தெரிந்தது.

சிவந்தி போனைக் கீழே இறக்கினாள். "மாமா, போதும். இதோட நிறுத்திக்கிடலாம். நான் படத்த எடுத்துர்றேன்." அதைச் சொல்லும்போது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

"போனத் தூக்கு" என்றார் சுடலைராஜ்.

"மாமா..."

"நான் தொடைக்கேன்னு சொன்னேன்லா? சொன்னா செய்யணும். தூக்கிப் பிடி."

அவள் தூக்கினாள்.

அவர் பானெட்டின் ஓரமாகப் போனார். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையகல இடம் பார்த்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு அந்த இடத்தில் மட்டும், வழக்கம் போல, வட்டமாக ஒரு சுற்று துடைத்தார். தண்ணீர் வாங்கி அவரே அதன் மேல் ஊற்றினார். ரமாபாயிடமிருந்து விளக்கைக் கை நீட்டி வாங்கி, அவரே சாய்த்துப் பிடித்தார்.

ஒரு வட்டம் கோடு. மெல்லியதுதான், ஆனால் நன்றாகத் தெரிந்தது. டில்லிபாபு எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வண்டி நின்ற திசையைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

சுடலைராஜ் போனுக்கு நேராகத் திரும்பினார். கேமராவைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர், சிவந்தியின் நெற்றியைப் பார்த்துப் பேசினார்.

"என் பேரு சுடலைராஜ். இந்தத் துணி என் கடைத் துணி. வீட்டுல சன்னல் தொடைங்க, மேசை தொடைங்க, டயரு தொடைங்க. காஞ்ச வண்டி மேல மட்டும் போடாதிய. மொதல்ல தண்ணி, பிறகு நுரை, கடைசியில கை. இந்தப் பிள்ள சொன்னதுதான்." கொஞ்சம் யோசித்தார். "தெரியாதவங்க கடைக்கு வாங்க. காட்டித் தாரோம்."

பிறகு, "இவ்வளவுதான். நிறுத்து" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. டில்லிபாபுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "அண்ணாச்சி, நம்ம வண்டியில கீற கோடு போவுமா?"

"ரமாகிட்ட கேளுடே. நான் இன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் சேந்திருக்கேன்."

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. சிவந்தியும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். வெற்றி கைக்குட்டை நீட்டினான். ரமாபாய், "அழுதுகினே நிக்காத, வெளிச்சம் போறதுக்குள்ள மிச்சப் பாதிய கழுவணும். வாளியத் தூக்கு" என்றாள். ஆனால் அவள் குரலும் சரியாக இல்லை.

கழுவி முடித்து, ஓரத்தில் விழுந்த வட்டத்தை நீக்கட்டுமா என்று ரமாபாய் கேட்டாள். சுடலைராஜ் வேண்டாம் என்றார். வருகிறவர்களுக்குக் காட்ட அது இருக்கட்டுமாம். வியாபாரி புத்தி எங்கே போகும்?

அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேரைப் பார்த்தார். முகம் மாறியது.

அருள்பிரகாசம். ஆவுடையம்மாளின் தம்பி, வெற்றிக்குத் தாய்மாமன், சிவந்திக்குச் சித்தப்பா முறை. சங்கரன்கோவிலிலிருந்து வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் வருகிற போன்தான். பூசைக்குத் துணி தறியில் ஏற்றலாமா என்று கேட்பார், ஏத்து என்று இவர் சொல்வார். அரை நிமிஷப் பேச்சு.

இந்த வருஷம் சுடலைராஜ் அரை நிமிஷத்தில் முடிக்கவில்லை. "மாப்ளே, ஒரு நிமிசம் இரு" என்றார். போனைச் சிவந்தியிடம் நீட்டினார். "துணி விசயம் இனிமே மருமவ பாத்துக்கிடுவா. அவகிட்ட பேசு."

கடை வாசல் படியில் ஆவுடையம்மாள் நிற்பதை அப்போதுதான் சிவந்தி பார்த்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. மாமனார் விட்டுக்கொடுத்தது அவருடைய பெயரை. இப்போது அவள் தொடப்போவது மாமியாரின் பிறந்த வீட்டுச் சோற்றை.

"சொல்லும்மா" என்றது போன். "போன வருசம் மாதிரியே ஏத்திரட்டுமா?"

"சித்தப்பா..." சிவந்தி படியில் நின்ற மாமியாரை ஒருமுறை பார்த்தாள். "பேரு அதே பேருதான். மஞ்சளும் அதே மஞ்சள்தான். ஆனா துணி அந்தத் துணி வேண்டாம்."

"அக்காவுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டார் அருள்பிரகாசம். கேட்ட விதத்தில் கத்தி இருந்தது.

படியிலிருந்து ஆவுடையம்மாள் இறங்கி வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. நேராக வந்து, மருமகள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி, நான்தான். பக்கத்துலதான் நிக்கேன், எல்லாத்தையும் பாத்துட்டேன். உன் தறியில மெதுவா, பஞ்சு மாதிரி, தண்ணிய உறிஞ்சுத துணி நெய்ய முடியுமா முடியாதா? அத மட்டும் சொல்லு. முடியும்னா உனக்குத்தான். முடியாதுன்னா இந்த வருசம் நாங்க வேற ஆளப் பாக்கணும்."

சுடலைராஜ் தன் மனைவியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார்.

அருள்பிரகாசம் பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.